தோட்டக் கதைகளில் காணாத நிலம்

நம் தோட்டப்புறக் கதைகளில் வியர்வையும் கண்ணீரும் மிகுதி. நிலவுடைமை பற்றிய சிந்தனையோ அரிது. வேளாண்மையால் நாடு வளர்ந்த வரலாற்றிலோ அதுவே தலையாய வினா. முஸ்லிம்கள் பெரும்பான்மையராக வாழும் நாடுகளுள் எகிப்து 1952இல் நிலவுடைமைக்கு உச்சவரம்பு விதித்தது. நம் நாட்டில் 1956இல் தோன்றிய பெல்டா, நிலமற்றோரை, பெரும்பாலும் மலாய் மக்களை, ரப்பர், செம்பனை நிலங்களில் குடியேற்றியது. ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்த செர்டாங்கில் 1931இல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. தோட்டத் தமிழரோ பிறர் நிலத்தில் பால்மரம் சீவினர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தே, 1960இல் துன் சம்பந்தனார் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் மாதந்தோறும் 10 வெள்ளி திரட்டித் தோட்டங்களை வாங்கியது. கூலியாள் பங்குதாரரான கதையன்றோ அது! அந்தப் 10 வெள்ளியைக் கருவாகக் கொண்ட சிறுகதையொன்றை மாணவர்க்குக் காட்ட விழைந்து தேடினேன்; இன்றளவும் என் கைக்கு எட்டவில்லை.