துரு கறுத்துவிட்டது, சரி, அப்புறம்?

'ரஸ்ட் கன்வெர்ட்டர்' என்று உதிரிபாகக் கடைகளில் விற்கும் பால்வெள்ளைத் திரவத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அது வேலை செய்வதைப் பார்க்க அருமையாக இருக்கிறது. துருவேறிய தகரத்தில் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால், வெள்ளையாகப் படிந்தது சில நிமிடங்களில் ஊதா கலந்து, நீலக்கறுப்பாகி, காயும்போது கன்னங்கரேலென்று நிற்கிறது. எங்கே துரு இருந்ததோ அங்கே மட்டும்தான் இந்தக் கறுப்பு. சுத்தமான இரும்பிலும் பெயிண்ட்டின் மேலும் சிந்தியது வெளிறிய படலமாகவே காய்கிறது. பணம் கொடுத்ததற்குக் கண்ணெதிரே பலன் காட்டும் பொருள்கள் கார் பராமரிப்பில் குறைவு. அதனால்தான் இது இவ்வளவு விற்கிறது. சில வாரங்களாக வீல் ஆர்ச் ஓரம், ஜாக் வைக்கும் இடம், கதவின் அடிவிளிம்பு என்று பூசிப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: திரவம் சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால் கறுத்ததுமே காரியம் முடிந்ததாக நம்மை நம்பவைக்கிறது. கடலோரத்தில் ஓடும் காருக்கு அந்த நம்பிக்கை ஆபத்தானது.

கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். இவ்வகைத் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது டானின்; கடுக்காயில் உள்ள அதே துவர்ப்புப் பொருள். அது துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து கரையாத கருநீலச் சேர்மமாகிறது. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே வேதியியல்தான்: கடுக்காய்ச் சாறு ஏறிய துணியில், துரு இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த கரைசல் பட்டதும் கறுக்கிறது. திரவத்தின் மிச்சப் பகுதி ஒரு பாலிமர். காய்ந்ததும் மெல்லிய பிரைமர் போல் படிகிறது. பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த வகைகள் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகின்றன. இரண்டுமே திரவம் எட்டிய ஆழம்வரைதான் மாற்றும். செதில் செதிலாகத் தடித்த துருவில் மேல்தோல் கறுக்கும், அடியில் செம்பழுப்பு அப்படியே கிடக்கும். அதைவிட மோசம் உப்பு. துருக்குழிகளுக்குள் தங்கிய குளோரைடை டானின் ஒன்றும் செய்வதில்லை. குளோரைடு அரிமானத்தில் செலவழிந்துபோகிற பொருளும் அல்ல. ஒரு சுற்று இரும்பைத் தின்ன உதவிவிட்டு அடுத்த சுற்றுக்கும் தயாராக நிற்கும். கறுப்புப் படலத்தின் வழியாகக் கொஞ்சம் ஈரம் கசிந்தால் போதும், உள்ளேயிருந்து மறுபடி கொப்பளிக்கும்.

'நம் ஊரில் பனியும் இல்லை, சாலையில் உப்புத் தூவுவதும் இல்லை. இந்தக் கவலை குளிர்நாட்டுக்காரர்களுக்கு' என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது சிக்ரி, மண்டபம் கடலோரத்தில் உலோகத் துண்டுகளை வெளிக்காற்றில் வைத்து அரிமானத்தை ஆராய்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அங்கே வீசும் உப்புக் காற்றுதான். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றதற்குக் காரணமும் துருதான். திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ தெருவில் நிற்கும் கார் அதே காற்றைத்தான் குடிக்கிறது. அளவு குறையலாம், உப்பு உப்புதான்.

ஆகவே பாட்டிலைத் திறப்பதற்கு முந்தைய வேலையும் மூடியபிறகான வேலையும்தான் முக்கியம். இங்கேதான் எனக்கு இதை விற்கும் நிறுவனங்கள் எல்லாவற்றின் மேலும் எரிச்சல். பாட்டிலின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பூசினால் போதும்' என்கிற தொனி. பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் வேறு கதை. உதிரும் துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டு, எண்ணெய்ப் பசையை எடு, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவை, நேர் வெயிலில் பூசாதே, இரண்டு மெல்லிய பூச்சு கொடு, ஒரு நாள் விடு, மேலே பெயிண்ட் அடி. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கழுவினால்தான் உப்பில் கொஞ்சமாவது போகும். சுட்ட தகரத்தில் பூசினால் துருவுக்குள் இறங்கும் முன்பே மேலே காய்ந்துவிடும். முதலில் டபிள்யூடி-40 அடித்துத் துருவை இளக்கியிருந்தால், அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் இது ஒட்டவே ஒட்டாது. துரு தொட்ட பிரஷ்ஷை மறுபடி பாட்டிலுக்குள் விடக்கூடாது என்பதும் அதே எறும்பு எழுத்தில்தான் இருக்கிறது. விட்டால் மிச்சத் திரவமும் உள்ளேயே கறுத்துக் கட்டியாகும். கிண்ணத்தில் வேண்டியதை மட்டும் ஊற்றிக்கொள்வதே வழி. துத்தநாகம் பூசிய தகரத்தில் அமில வகையைத் தடவினால், காக்க வேண்டிய துத்தநாகத்தையே அது கரைக்கும். இதை முன்பக்கத்தில் அல்லவா அச்சிட வேண்டும்?

இவ்வளவு பாடுபட வேண்டுமென்றால் சுரண்டிவிட்டு நேரே பிரைமர் அடித்தால் ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. வெள்ளி போல் இரும்பு தெரியும்வரை தேய்க்க முடிகிற இடத்தில் அதுவே மேல். எபாக்ஸி பிரைமரும் அதன்மேல் பெயிண்ட்டும் போதும், அங்கே கன்வெர்ட்டருக்கு வேலையே இல்லை. ஆனால் காரின் அடியில் பிராக்கெட் மடிப்பு, போல்ட் சுற்று, புள்ளி வெல்டிங் ஓரம் என்று எமரித் தாளோ கிரைண்டரோ நுழையாத இடங்கள் ஏராளம். அங்கே குழிகளில் எஞ்சும் மெல்லிய துருவுக்கு இந்தத் திரவம் உண்மையாகவே கைகொடுக்கிறது. சுரண்டாத துருவின் மேல் வெறும் கறுப்புப் பெயிண்ட் அடிப்பதை எந்த வகையிலும் இதனோடு ஒப்பிட முடியாது. அந்தப் பெயிண்ட் துருவோடு சேர்ந்தே உரிந்து வரும்.

புதிய கார்களை எலக்ட்ரோ டெபாசிஷன் தொட்டியில் முழுக்கி எடுக்கிறார்கள், பல பாகங்கள் துத்தநாகம் பூசிய தகரம், பிறகு என்ன பயம் என்பது அடுத்த வாதம். பாதி சரி. பழைய தலைமுறைக் கார்கள் போல் இவை சீக்கிரம் அரிப்பதில்லை. ஆனால் சரளைக் கல் பட்ட புள்ளியிலும் டிங்கரிங் செய்து பட்டி பார்த்த பகுதியிலும் அந்தத் தொட்டிப் பூச்சு இல்லை. தவிர, கதவின் அடியிலும் ரன்னிங் போர்டு பெட்டிக்குள்ளும் துரு உள்ளிருந்து கிளம்புகிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். வெளியே பெயிண்ட் கொப்புளமாக எழும்பும் நாளில் உள்ளே தகரம் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அந்தக் கொப்புளத்தைக் கிழித்துக் கன்வெர்ட்டர் தடவுவது வீண். வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் வைப்பதுதான் வைத்தியம். செலவு அதிகம்தான். ஆனால் தள்ளிப்போட்டால் வெட்ட வேண்டிய தகரத்தின் அளவும் கூடும்.

தடுப்பதற்குச் செலவழிக்க விரும்புகிறவருக்கு என் சிபாரிசு வேறு. கதவின் கீழ்விளிம்பில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்தி மண் எடுப்பதற்குக் காசே வேண்டாம். அடைபட்டால் ஒவ்வொரு மழையும் கதவுக்குள் தேங்கும். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் வாட்டர் சர்வீஸ் செய்து, நன்றாகக் காய்ந்தபின் உள்ளறைகளுக்குள் நீண்ட குழாய் வழியாக மெழுகு ஸ்ப்ரே அடித்தால் அது மடிப்புகளுக்குள் ஊர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். ஷோரூமில் தலையில் கட்டும் தடித்த ரப்பர் அண்டர்கோட்டிங், ஏற்கெனவே துரு ஏறிய காரில் கெடுதலே செய்யும். விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் தண்ணீரை உள்ளே விட்டுப் பிடித்துவைத்துக்கொள்ளும், வெளியே மட்டும் பளபளக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சின்ன பாட்டில் ஒன்றை வாங்கலாம் என்பேன். பெரியது வேண்டாம், திறந்தபின் நாள்பட்டால் கெட்டியாகிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கறுப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடியில் குனிந்து பார்க்கும்போது திட்டுத்திட்டாகப் புதுக் கறுப்பு தெரிந்தால், விற்பவரைக் கேட்டுக்கொண்டு ஸ்க்ரூடிரைவரின் பிடிப் பக்கத்தால் தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்டால் நல்ல தகரம். மொத்தென்று கேட்டாலோ நொறுங்கினாலோ, விலை பேச வேண்டியது வெல்டிங் கடைக்காரரிடம் கேட்டபிறகுதான்.