சோர்விலும் விசுவாசம்: தமிழ்க் கிறிஸ்தவ மரபின் மூன்று வழிகள்

வேலை போனவர், பிள்ளைக்கு நோய் கண்டவர், "என் ஜெபம் கேட்கப்படுமா?" என்று தன்னையே சந்தேகிப்பவர் என்று பலரும் செட்டியார்பட்டி போன்ற ஊர்களின் ஆராதனைகளுக்கு வந்து அமர்கிறார்கள். அவர்களுக்கு நம் மரபு என்ன வைத்திருக்கிறது?

வேர், சங்கீதப் புத்தகம். அதன் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். பெரும்பாலானவை புலம்பலில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதற்கும் வேதத்தில் இடமுண்டு.

இந்த வேரிலிருந்து தமிழில் மூன்று வழிகள் கிளைத்தன. கத்தோலிக்க வழியில் வீரமாமுனிவர் (1680–1747) 'அன்னை அழுங்கல் அந்தாதி'யில் மரியாளின் துயரத்தைப் பாடினார். கீர்த்தனை வழியைத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தழைக்கச் செய்தார். சரணம் முடியும்தோறும் பல்லவி திரும்பி வருவதால், தொண்டை அடைத்தவரும் சபையின் குரலோடு சேர்ந்துகொள்ளலாம். காப்பிய வழியில் நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900), ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' இயற்றினார்.

1678இல் வெளியான பன்யனின் அந்தக் கதையில், அவநம்பிக்கை என்ற அரக்கன் பயணிகள் இருவரைச் சந்தேகக் கோட்டையில் அடைத்து அடிக்கிறான். உயிரை மாய்த்துக்கொள்ளச் சொல்கிறான். அவர்களில் மனமுடைந்த கிறிஸ்தியானை உடனிருந்த தோழன் தேற்றுகிறான். சனிக்கிழமை நள்ளிரவு ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியும் நேரத்தில் கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் என்ற சாவி இத்தனை நாளும் தன் நெஞ்சருகேயே இருந்திருக்கிறது! கடைசி இரும்புக் கதவு லேசில் திறக்கவில்லை, ஆனாலும் திறந்தது.

நம் பக்கத்திலேயே சோர்விலும் விசுவாசத்தை விடாமல் வாழ்ந்தவர் மிஷனெரி தாமஸ் ராக்லண்ட். வட நெல்லைக் கிராமங்களில் கூடாரமடித்து, நலிந்த உடலோடு ஊழியம் செய்து, 1858இல் சிவகாசியில் காலமானார். நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியே பலன் தரும் என்ற கிறிஸ்துவின் வார்த்தையைத் தம் ஊழியத்தின் வழியாகவே கொண்டவர்.

இம்மரபின் அளவுகோல்கள் தெளிவானவை. வலியை மறைக்கக் கூடாது. தேவன் முன்பு நடத்தியதை நினைவுகூர வேண்டும். சோர்ந்தவரைத் தனியே விடக் கூடாது. "உனக்கு விசுவாசம் போதாது" என்று அவர்மேல் பாரம் ஏற்றுகிற பேச்சு இந்த அளவுகோலில் நிற்காது. சாட்சி நேரத்தில், ஜெயம் பெற்றவரோடு இன்னும் பதிலுக்குக் காத்திருப்பவரும் எழுந்து பேசட்டும். அவருக்காகச் சபை முழங்காலிடட்டும்.