டால்ஸ்டாய் கப்பலேற்றிய ஊர்கள்

கனடா வரைபடத்தில் காஸில்கர் என்ற ஊரைத் தேடிப் பிடியுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தெற்கே, கூட்டெனி ஆறு கொலம்பியா ஆற்றோடு கலக்கிற இடம். அக்கம்பக்கத்தில் விரலை ஓட்டினால் ஊட்டிஷேனியா, கிரெஸ்டோவா என்று தட்டுப்படும். ரஷ்யப் பெயர்கள்! ஒன்று ஆறுதல், இன்னொன்று சிலுவை. ஊருக்கு 'ஆறுதல்' என்று பெயர் வைக்க வேண்டுமென்றால் அந்த மக்கள் எவ்வளவு பட்டிருக்க வேண்டும்! அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன். போனவன் சொக்கிப்போனேன்.

அவர்கள் டுகபோர்கள். கோயில் வேண்டாம், பாதிரியார் வேண்டாம், படம் வைத்துக் கும்பிட வேண்டாம், கடவுள் மனிதனுக்குள்ளேயே இருக்கிறார் என்று நம்பிய ரஷ்யக் குடியானவர்கள். மனிதனுக்குள் கடவுள் இருக்கும்போது அவனை எப்படிச் சுடுவது? 1895இல் காகசஸ் பகுதியில் தங்களிடமிருந்த துப்பாக்கி, வாள் அத்தனையையும் ஓரிடத்தில் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். ஜார் அரசு சும்மா விடுமா? சவுக்கடி, சிறை, நாடு கடத்தல். அப்போது அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் டால்ஸ்டாய். நாம் 'புத்துயிர்ப்பு' என்று தமிழில் படித்தோமே, அந்த நாவலை அவர் முடித்து வெளியிட்டதே இவர்களுடைய பயணச் செலவுக்காகத்தான். 1899இல் ஏறத்தாழ 7,500 பேர் கனடா வந்து இறங்கினார்கள். ஒரு கப்பலில் டால்ஸ்டாயின் மகன் செர்கெய் கூடவே வந்தார். அந்த நாவலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இனி எனக்கு இந்த ஆற்றங்கரைதான் கண்ணில் நிற்கும்.

முதலில் சஸ்காச்சுவான் சமவெளியில் குடியேறினார்கள். நிலத்தை ஆளுக்கு ஆள் தனிப் பெயரில் பதிந்து, அரசருக்கு விசுவாசப் பிரமாணமும் எடுக்க வேண்டும் என்றது கனடா அரசு. பெரும்பாலோர் மறுத்தார்கள், பண்படுத்திய நிலம் கைவிட்டுப் போனது. 1908 முதல் தலைவர் பீட்டர் வெரிகின் பின்னால் இந்த மலைநாட்டுக்கு வந்தார்கள். ஆறுகள் கூடும் இடத்தில் அதற்கு முன்பு இருந்த பெயர் வாட்டர்லூ, ஒரு போர்க்களத்தின் பெயர். மின்னும் தண்ணீரைப் பார்த்த வெரிகின் அதைப் பிரில்லியன்ட் என்று மாற்றினார். துப்பாக்கியைக் கொளுத்தியவர்களின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

பிரில்லியன்டில் ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. 1913இல் டுகபோர்கள் தாங்களே உழைத்துக் கூட்டெனி ஆற்றின் குறுக்கே கட்டியது. இப்போது நடந்து மட்டுமே போகலாம். கான்கிரீட் தூணைத் தடவிப் பார்த்தேன், பலகை அடைத்துக் கொட்டிய வரிவரியான தடம் இன்னும் இருக்கிறது. தூணில் ஒரு காலத்தில் எழுதிவைத்திருந்த அறிவிப்பு இதுதான்: இந்தப் பாலத்தின் மேல் புகை பிடிக்கக் கூடாது, துப்பாக்கியோடு வரக் கூடாது. எத்தனையோ நாடுகளில் பாலங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நிபந்தனை போட்ட பாலம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கீழே பச்சை நிறத்தில் ஆறு சீறிக்கொண்டு ஓடுகிறது. நகர மனமே வரவில்லை.

காஸில்கரில் அவர்களுடைய அருங்காட்சியகமும் உண்டு. பல குடும்பங்கள் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட கூட்டு வீட்டின் மாதிரி, கையால் செதுக்கிய மரக்கரண்டிகள், ஆளி நாரில் நூற்று நெய்த துணி. கரண்டிக் காம்பின் வழுவழுப்பைப் பார்த்தாலே எத்தனை கை பட்டது என்று தெரிகிறது.

இனி சாப்பாடு. இவர்கள் சைவம்! வெரிகின் சொல்லி இறைச்சி, மது, புகையிலை மூன்றையும் விட்டவர்கள். நம்மூர் சைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். இவர்களுடைய போர்ஷ் சூப் ரத்தச் சிவப்பு இல்லை, இளம் ஆரஞ்சு. முட்டைக்கோஸ், உருளை, தக்காளி, கைநிறைய சோயிக்கீரை, மேலே தாராளமாகப் பாலாடையும் வெண்ணெயும். பீட்ரூட் வெறும் நிறத்துக்குத்தான். ஒரு மூதாட்டி நான் காலி செய்யச் செய்ய ஊற்றிக்கொண்டே இருந்தார். "எங்க அம்மா கைப்பக்குவம் இது, கொஞ்சமா சாப்பிட்டா அவங்களுக்குப் பிடிக்காது" என்றார். அந்த அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் உட்கார இடம் கொடுத்தார்கள். நடுவில் ஒரு மேசை, அதில் ரொட்டி, உப்பு, ஒரு குவளைத் தண்ணீர், அவ்வளவுதான். ஒரு பக்கம் ஆண்கள், எதிரே தலையில் சால்வை கட்டிய பெண்கள். வாத்தியம் கிடையாது. ஒரே ஒரு பெண் குரல் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தார்கள். ஒரு சொல்லை இழுத்து இழுத்து மூச்சு முட்டும்வரை பாடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஏட்டில் இல்லாமல் நெஞ்சில் வைத்துக் காப்பாற்றிய சங்கீதங்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். எதிரில் நிற்பவருக்குள் இருக்கும் கடவுளுக்கு அந்த வணக்கம். எனக்கும் வணங்கினார்கள். கண் கலங்கிவிட்டது.

கிரெஸ்டோவாவின் கதை கனமானது. அரசோடு கடைசிவரை முரண்டு பிடித்த 'சுதந்திரப் புதல்வர்கள்' பிரிவினர் குடியிருந்த ஊர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று 1953 முதல் 1959 வரை அந்தக் குழந்தைகளைப் பிடித்துப்போய் நியூ டென்வரில் அடைத்துவைத்தது மாகாண அரசு. பெற்றோர் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். 2024இல்தான் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அந்தச் சாலையில் போகும்போது ஊர்ப் பலகையைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஒரு நிமிடம் இறங்குங்கள்.

போவதென்றால் கோடையில் போங்கள், அருங்காட்சியகம் திறந்திருக்கும். வான்கூவரிலிருந்து 3ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்தால் காஸில்கருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் முன்னால் கிராண்ட் ஃபோர்க்ஸ். அதுவும் டுகபோர் ஊர்தான். அங்கே இறங்கிப் பிராஹி கேளுங்கள், மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பலகாரம் அது, பட்டாணி வைத்ததாகக் கேளுங்கள். உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்ற வந்தால் கையைக் காட்டித் தடுத்துவிடாதீர்கள்!