டர்போ பாடும் சாலை

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி பஸ்ஸும் லாரியும் வேகம் பிடிக்கையில், இன்ஜின் உறுமலுக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று எழும். அது டர்போ. திண்டிவனம்–விழுப்புரம் சாலையில் எனக்கு மிகப் பிடித்த சங்கீதம்.

நத்தை ஓடு போல இரண்டு கூடுகள், நடுவே ஒரே தண்டு. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வீணாய்ப் போவதிடமே வேலை வாங்கும் இந்த யோசனைக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். பெரும்பாலும் அதைத் தாங்குவது வெறும் ஆயில் படலம்தான். எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

டாடா இண்டிகாவின் 1.4 லிட்டர் டீசல் இன்ஜினுக்கும் பின்னாளில் டர்போ வந்தது. வீட்டிலேயே டர்போ பூட்ட ஆசைப்படுகிறவர் முதலில் ஆயில் குழாய்களைக் கவனிக்க வேண்டும்: பிரஷரோடு உள்ளே போகும் ஆயில், தடையின்றிச் சரிந்து கீழே இறங்கியாக வேண்டும். ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே பழைய இன்ஜின் ஒன்றை ஸ்டாண்டில் ஏற்றிப் பூட்டிப் பாருங்கள். அணைக்கும் முன் சற்று நேரம் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள்.