அட்டையிழந்த சஞ்சிகைகள்

பழைய தமிழ்ச் சஞ்சிகைகளைத் தேடுவோர் பெரும்பாலும் இருவகைப் பொருளையே கண்டடைகின்றனர்: தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துக் கட்டிய வீட்டுத் தொகுப்பு ஒன்று, சட்டமிட்டு மாட்டுவதற்கெனப் பிரித்தெடுக்கப்பட்ட வண்ண அட்டை மற்றொன்று.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இவ்வாறே பல வீடுகளில் நூலாயிற்று. மணியத்தின் உட்சித்திரங்கள் கதையோடு தப்பின. அட்டை, விளம்பரம், தலையங்கம் யாவும் பழங்கடதாசியாயின. வாசகரைக் குறைகூறுவதற்கில்லை. நூலை விலைகொடுத்து வாங்க இயலாத குடும்பம் ஊசியும் நூலும் கொண்டு தனக்கொரு நூலகத்தை ஆக்கிக்கொண்ட முறை அது.

குறைகூறத்தக்கவர் இன்றைய சேகரிப்பாளரே. அவர் ஓவியரின் கையொப்பத்தைத் தேடுகிறார். இதழின் திகதியையோ விலையையோ அல்ல. பின்னட்டையில் எப்பண்டத்தின் விளம்பரம் இருந்தது என்பதை அறியாது, முன்னட்டைப் பெண்ணின் பட்டுச்சேலை எவ்வர்க்கத்தின் கனவு என்று துணிதல் எங்ஙனம்? ‘ஆனந்த விகட’னில் கோபுலுவும் சில்பியும் வரைந்தவற்றைத் தூய கலையாக மட்டும் போற்றுவோர், அவை வாரச் சந்தைக்காக அச்சேறியவை என்பதை மறக்கின்றனர். (அதனால் அவற்றின் கோட்டு வன்மை குறைந்துவிடாது என்பது வேறு விடயம்.)

ஈழத்தில் இவ்விழப்புக் கனதியானது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது பழைய இதழ்களும் எரிந்தன. எஞ்சியவற்றுட் பல தனியார் அலுமாரிகளிலேயே உள்ளன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்மியத் திட்டம் அவற்றிற் பலவற்றைப் படியெடுத்துள்ளது. அட்டை கிழிந்த பிரதியும் அட்டை மட்டும் எஞ்சிய பிரதியும் வெவ்வேறு வீடுகளிற் கிடைப்பினும் ஒருங்கே படியெடுத்தல் கூடும். அட்டையை விற்றுவிட்டவரிடம் திகதி கேட்டுப் பயனில்லை.