ஆறாத் துயரும் அயல்நாட்டு ஆடலும்

அகம் நொந்து கடல் கடந்து வரும் மேனாட்டார், திருவண்ணாமலையில் வாழும் எமக்குப் புதியவரல்லர். மலை சுற்றும் பாதையில் அவர்கள் வெறுங்காலோடு நடந்து செல்வது அன்றாடக் காட்சி. அத்தகையோருள் ஒருவராக 1938-இல் இவ்வூருக்கு வந்தவர் மெர்ஸிடிஸ் டி அகோஸ்டா என்னும் அமெரிக்க எழுத்தாளர். பால் பிரண்டன் 1934-இல் வெளியிட்ட இந்தியப் பயண நூலைப் படித்து, ரமணரைக் காண வந்த அவர், மூன்று நாள்களே இங்குத் தங்கினார். 1960-இல் வெளிவந்த தம் சுயசரிதையை ரமணருக்கே காணிக்கையாக்கினார். நம்மூர் இடம்பெறும் நூலாயிற்றே என்றுதான் அதைத் தேடிப் படித்தேன். அதுவோ அவருடைய தோழி எழுதிய மற்றொரு நூலிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது.

அத்தோழி, நடனக் கலையில் உலகப் புகழ் பெற்ற இஸடோரா டங்கன். 1913-இல் பாரிஸில் அவருடைய இரு குழந்தைகள் இருந்த கார் ஸீன் ஆற்றில் உருண்டு வீழ்ந்து, இருவரும் மாண்டனர். அடுத்த ஆண்டு பிறந்த மகவும் உடனே மறைந்தது. இத்துயரங்களைச் சுமந்தபடி 1916-இல் அவர் தென் அமெரிக்காவின் ப்யூனஸ் அயர்ஸ் நகருக்குப் போனார். அங்கே மாணவர்கள் கூடும் ஓர் ஆடற்கூடத்தில், அதுவரை தாம் ஆடியறியாத டாங்கோவை ஓர் இளைஞர் வற்புறுத்த ஆடினார். முதல் அடிகள் தயங்கின என்றும், பிறகு தம் நாடி அத்தாளத்திற்கு விடை தந்தது என்றும் தம் சரிதையில் எழுதுகிறார். அந்நூல், அவர் 1927-இல் நீஸ் நகரில் விபத்தில் இறந்த பின்னரே அச்சேறிற்று.

டாங்கோ அரண்மனையில் பிறந்த ஆடலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ப்யூனஸ் அயர்ஸிலும் மான்டிவிடியோவிலும், குடும்பத்தைப் பிரிந்து பிழைக்க வந்த ஐரோப்பிய ஏழைகளும் ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களும் வாழ்ந்த சேரிகளில் உருவானது. அதன் அடிப்படை வெறும் நடைதான். கற்க வருபவர் முதலில் மீண்டும் நடக்கப் பயில வேண்டும். 2009-இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் சேர்த்தது.

அந்நிய ஆணும் பெண்ணும் தழுவி ஆடும் ஆடலைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை வாசகர்கள் அறிவர். அதை விரிப்பது என் நோக்கமன்று. நூலின் தரம் பற்றியதே என் பேச்சு. காதல் முறிந்தவர் ப்யூனஸ் அயர்ஸுக்குப் போனார், டாங்கோ கற்றார், புண் ஆறித் திரும்பினார் என்னும் நினைவு நூல்கள் இந்நாளில் மேனாட்டில் பெருகிவிட்டன. காய்ச்சலுக்குக் கஷாயம்போல் துயருக்கு ஓர் ஆடல்! இஸடோராவோ அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆடினேன், உடல் இசைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். குழந்தைகளின் நினைவு பின்வரும் பக்கங்களிலும் அவரை விட்டு நீங்கவில்லை. அந்த நேர்மையே அப்பகுதிக்கு உயிர்.

இவ்விடத்தில் நம் இமாம் இப்னு ஹஸ்ம் நினைவுக்கு வருகிறார். ளாஹிரி மத்ஹபின் அப்பேரறிஞர், அந்தலுஸின் ஷாதிபா நகரில் இருந்தபோது, ஏறத்தாழ 1022-இல், ‘தவ்குல் ஹமாமா’ என்னும் நூலை யாத்தார். ‘புறாவின் கழுத்து வளையம்’ என்பது பொருள். காதலைப் பற்றிய முப்பது அதிகாரங்களுள் ஒன்று ‘ஸுலுவ்வு’, அதாவது துயர் தணிதல், பற்றியது. உள்ளம் தானே வெறுமையாகி மறப்பது ஒருவகை. புண் உள்ளே இருக்க, மனத்தை வலிந்து அடக்கிப் பொறுமை காட்டுவது மற்றொரு வகை என்று அவர் பிரிக்கிறார். இருபது வயதுக்குள் தம் அன்புக்குரிய நுஃமு என்பவளைச் சாவுக்குப் பறிகொடுத்து, ஏழு மாதம் ஆடை மாற்றாமல் அழுதவர் அவர். இன்னும் ஆறவில்லை என்று கூச்சமின்றி எழுதியவர். ஃபிக்ஹு நூல்கள் எழுதிய கைதான் இதையும் எழுதிற்று.

இவ்விரு வகைகளுள் எதிலும் இஸடோராவின் டாங்கோவை அடக்க என்னால் இயலவில்லை. அவர் மறக்கவுமில்லை, பொறுமை காட்டவுமில்லை. உலகுக்கே நடனம் கற்பித்த ஆசிரியை, பெயரற்ற ஓர் இளைஞன் முன் ஒன்றுமறியாத மாணவியாக நின்றார். ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த எனக்கு அந்தக் காட்சிதான் பெரிதாகப் பட்டது. எங்கள் தெருவில் மணமுறிவுற்ற ஒரு பெண்மணி ஓராண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஸப்ரு செய் என்றோம் எல்லோரும், நான் உட்பட. பிறகு ஒருநாள் என் மனைவியிடம் சிறுமிகளோடு அமர்ந்து அலிஃப், பே ஓத வந்தார். அவர் ‘ஐன்’ எழுத்தை உச்சரித்த விதத்தில் சிறுமிகள் சிரித்துவிட்டனர்; அவரும் சிரித்தார். நாங்கள் கொடுத்த அறிவுரைகளில் ஒன்றுகூட அச்சிரிப்பை வரவழைத்ததில்லை.

மெர்ஸிடிஸின் நூலில் நான் காணும் குறையும் இதுவே. நடிகை கிரெட்டா கார்போ முதலாகப் பேர்பெற்றவர்கள் பக்கந்தோறும் வரிசையாக வருகின்றனர், நட்புகள் முறிகின்றன, ஆனால் நொந்த நெஞ்சு எதைக் கற்றது என்பது மட்டும் தெளிவாகவில்லை. எங்கள் ஊரில் அவர் கழித்த நாள்களைப் பற்றிய பகுதியில்தான் எழுத்தின் பகட்டு சற்றே அடங்குகிறது. நூல் கிடைத்தவர்கள் அப்பகுதியையும், இஸடோராவைப் பற்றிய பக்கங்களையும் நின்று படிக்கலாம். பிறவற்றைப் புரட்டிக்கொண்டு போனால் போதும்.