எரியும் வீடும் திறந்த கதவும்

அநீதியைக் கலை இருவகையாகக் காட்ட இயலும்: காண்பவர் வெறுக்குமாறும் காட்டலாம், மயங்குமாறும் காட்டலாம். 2010 ஜூன் திங்களில் அமெரிக்க ராப் பாடகர் எமினெம், பார்படோஸ் நாட்டுப் பாடகி ரிஹானாவுடன் இணைந்து வெளியிட்ட ‘லவ் த வே யூ லை’ என்னும் பாடல் இவ்விரண்டையும் ஒருங்கே செய்கிறது. அமெரிக்கத் தரவரிசையில் ஏழு வாரங்கள் முதலிடம் வகித்த இப்பாடலை ஆலங்காயம் போன்ற சிற்றூரின் இளைஞர்களும் கைப்பேசியில் கேட்கின்றனர். இசை ஆகுமா, ஆகாதா என்பது வேறு வினா. நம் பிள்ளைகள் கேட்பது அவர்களுக்கு எதைக் கற்பிக்கிறது என்பதே ஈண்டு நம் வினா.

பாடலின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அடிப்பவனே இதில் பேசுகிறான். சினம், அடி, கழிவிரக்கம், வாக்குறுதி, மீண்டும் சினம் என்று அவன் பேச்சு சுழல்கிறது. லெனோர் வாக்கர் என்னும் உளவியலாளர் 1979இல் எழுதிய நூலில் விளக்கிய வன்முறைச் சுழற்சி இதுவே. தன் வாக்குறுதி பொய் என்பதை அவனே அறிவான். அவள் பிரிய முயன்றால் வீட்டோடு எரிப்பேன் என்னும் மிரட்டலில் அவன் பேச்சு முடிகிறது. இத்துணை நேர்மை வெகுமக்கள் பாடல்களில் அரிது.

ஆயினும், பாடல் இருவரையும் மோதிக்கொள்ளும் இரு இயற்கைச் சீற்றங்களாக உவமிக்கிறது. புயலுக்கும் எரிமலைக்கும் பொறுப்பு ஏது? இவ்வுவமையில் அடித்தவன் குற்றம் கரைந்துபோகிறது. பெண்ணுக்குக் கிடைத்ததோ பல்லவி மட்டுமே. வலியைத் தான் விரும்புவதாக அவள் இனிய மெட்டில் பாடுகிறாள். 2009 பிப்ரவரியில் தம் காதலரால் தாக்கப்பட்டவர் ரிஹானா. ஆதலால் அக்குரலில் உண்மையின் கனம் உண்டு. எனினும் நினைவில் தங்குவது அந்த மெட்டே. சகித்தலே காதல் என்னும் பாடத்தையும் அதுவே சுமந்து செல்கிறது.

பகலில் மனைவியை அடிமைபோல் அடித்துவிட்டு இரவில் அவளைத் தழுவுவது எவ்வாறு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. பாடல் காட்டும் காட்சியும் இதுவே. பாடலில் அது வேட்கை. நபிமொழியில் அது வெட்கக்கேடு.

கணவரின் அடியால் காயமுற்ற ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரழி) வைகறையில் நபியவர்களிடம் முறையிட்டதை அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். பொறுத்துப்போ என்று அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. மஹராகக் கொடுத்த தோட்டங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடுமாறு கணவரைப் பணித்தார்கள். குலா என்னும் அந்தக் கதவு பாடலின் வீட்டில் இல்லை.

நம் வீடுகளில் உண்டா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இஃது எல்லாச் சமுதாயங்களுக்கும் பொதுவான கணக்கு. நாம் மட்டும் விலக்கல்லர். திருமறையின் 4:34ஆம் வசனத்தை அடிக்கும் உரிமமாக ஓதுவோர் நம்மிடையே உண்டு. அவ்வசனத்தை அறிந்திருந்தும், கணவன் அடிக்கலாகாது, சினம் மட்டுமே கொள்ளலாம் என்று கருதியவர் தாபியீன்களுள் பேரறிஞரான அதா இப்னு அபீ ரபாஹ். அவருடைய இக்கருத்தை இப்னுல் அரபி பாராட்டியதை அவர்கள் ஓதுவதில்லை.

தோல், காலணித் தொழிற்சாலைகளில் உழைத்துக் குடும்பம் காக்கும் பெண்கள் நிறைந்த வட்டாரம் நம்முடையது. அத்தகைய பெண்ணொருத்தி காயத்தோடு ஜமாஅத்தின் முன் வந்தால், ஸப்ர் என்னும் ஒற்றைச் சொல்லோடு அனுப்பிவிடுவது பாடலின் பல்லவியை நாமே பாடுவதாகும். குலா உண்டு, கொடுமையை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்கும் 1939ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, குடும்ப வன்முறையிலிருந்து காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு என்று அவளிடம் சொல்லுதல் நம் கடமை. அதைச் செய்த பின்னரே அயலார் பாடலைக் குறை கூறும் தகுதி நமக்கு வரும்.